அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் வீட்டுக் கம்ப்யூட்டர்: ஃபார்மட்டா, பார்ட் மாற்றுவதா, புதுசு வாங்குவதா?

தீபாவளி முடிந்த மறுவாரம் கும்பகோணத்திலிருந்து அக்காவின் போன். "தம்பி, காலையிலேருந்து நாலு தடவை தானா அணைஞ்சு தானா ஆன் ஆயிடுச்சுடா. கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஆறு பத்திரிகை கைல இருக்கு. பேசாம புதுசே வாங்கிடட்டுமா?"

அக்கா வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறாள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ் என்று பக்கத்துத் தெரு அச்சகத்துக்குக் கோரல்டிரா என்ற மென்பொருளில் டிசைன் செய்து கொடுப்பாள். அந்தக் கம்ப்யூட்டரை 2017-ல் நான்தான் அசெம்பிள் செய்து கொடுத்தேன். ஐ3-7100 பிராசஸர், எச்110 சிப்செட் மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி, அதோடு 1 டிபி ஹார்டு டிஸ்க். பட்ஜெட் இடித்ததால் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தை உள்ளே இருக்கும் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) மட்டும் கேபினட்டோடு சேர்ந்து வந்ததையே விட்டுவிட்டேன்.

பழுது வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். தெருமுனைக் கடைக்காரர், "ஃபார்மட் அடிச்சா சரியாயிடும், 600 ரூபா" என்றார். மேல்மாடிப் பையன் ராம் போயிருக்கும் என்றான். இன்னொரு கடையில் போர்டு மாற்ற 6,500 கேட்டார்கள். அச்சக முதலாளி, "ஆபீஸ்ல கழிச்ச சிஸ்டம் பதினஞ்சாயிரத்துக்கு வருதும்மா" என்றார். அத்தான் 45,000 ரூபாய் லேப்டாப் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார். இத்தனை பேரில் மூடியைக் கழற்றிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நான் திருச்சியில் ஒரு கல்லூரிக் கணினி ஆய்வகத்தைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அறுபது மெஷின் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மேலே சொன்ன ஐந்து யோசனையில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குச் சரியான யோசனைதான். உங்கள் கம்ப்யூட்டருக்கு எது சரி என்பதை அது அணையும் விதம் காட்டிக்கொடுக்கும். அதைப் பார்க்க ஒரு வாரமும் ஒரு பேனாவும் போதும்.

முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2022-ல் இதே கம்ப்யூட்டர் மெதுவாகிறது என்று அக்கா ஒரு கடையில் கொடுத்தாள். "டி டிரைவைத் தொட மாட்டோம்" என்றார்கள், தொடவும் இல்லை. ஆனால் அக்கா வேலையை எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் சேமித்திருந்தாள். டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில். ஃபார்மட்டில் மூன்று வருட டிசைன் போய்விட்டது. அதில் அப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்கு அவளே எழுதி, அவளே ஓரக்கோலம் வரைந்த பத்திரிகையும் ஒன்று. இப்போது அதன் அச்சுப் பிரதி ஒன்றுதான் மிச்சம். பூஜை அலமாரியில், சந்தனம் பட்ட ஓரத்தோடு இருக்கிறது. கடைக்காரர் கேட்டுவிட்டுத்தான் செய்தார், அக்காவும் சரி என்றுதான் சொன்னாள். டெஸ்க்டாப் எந்த டிரைவில் இருக்கிறது என்று இருவரில் ஒருவராவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

அதனால் மெஷின் ஓடும் நேரத்திலேயே முக்கியமான ஃபோல்டர்களை வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம்கூட அணையாமல் ஓடவில்லை என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி-சாட்டா கேபிள் வழியாக வேறொரு லேப்டாப்பில் மாட்டி எடுக்கலாம். நாலு ஸ்க்ரூ, இரண்டு கேபிள்; அவ்வளவு வேலைதான்.

நீலத்திரை வருகிறதா, பட்டென்று போகிறதா?

ரீஸ்டார்ட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், விண்டோஸ் தனக்குள் ஏதோ சரியில்லை என்று கண்டு, நீலத்திரை காட்டி, தானே மறுபடி துவங்குகிறது. மற்றதில், விண்டோஸுக்கு ஒன்றுமே தெரியாது. மின்சாரம் அறுந்ததுபோல எல்லாம் ஒரே நொடியில் போய்விடுகிறது. முதல் வகைக்கு டிரைவர் (ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு இணைத்து இயக்கும் மென்பொருள்), ராம், டிஸ்க், சில சமயம் பிராசஸர் காரணமாக இருக்கும். இரண்டாவது வகையில் பெரும்பாலும் மின்சாரப் பக்கம்தான் கோளாறு: பிளக், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ், போர்டு.

சிக்கல் என்னவென்றால், நீலத்திரை வந்து கண் சிமிட்டுவதற்குள் விண்டோஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்க ஒரு டிக்கை எடுத்தால் போதும். கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அங்கே ஸ்டார்ட்அப் அண்டு ரெகவரி. 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை வந்தால் நின்றுகொண்டிருக்கும். போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். டிக் எடுத்த பிறகும் திரையே காட்டாமல் ரீஸ்டார்ட் ஆனால் அது இரண்டாவது வகை.

நடந்து முடிந்தவற்றுக்கு ஈவண்ட் வியூவர் இருக்கிறது. விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம். 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணோடு சிவப்புக் குறிகள் இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி துவங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். அதைத் திறந்து டீடெய்ல்ஸ் பகுதியில் 'பக்செக்கோடு' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீலத்திரை பதிவாகவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், அல்லது மெஷின் உறைந்துபோய் நீங்களே பட்டனை அழுத்தி அணைத்திருக்கலாம்.

அக்காவிடம் போனிலேயே இதைப் பார்க்கச் சொன்னேன். வரிசையாக 41, எல்லாவற்றிலும் பூஜ்யம். இன்னொன்றும் சொன்னேன்: "தினசரி காலண்டர்ல கிழிக்கிற தாள் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி எப்போ போச்சு, அப்ப வீட்ல என்ன ஓடிட்டிருந்துச்சுன்னு எழுதி வை."

சனிக்கிழமை நான் போய் இறங்கியபோது ஆறு தாளை ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருந்தாள். ஆறு நாளில் பதினொரு தடவை. 'சாயந்திரம் 6.40, மோட்டார் போட்டேன்.' 'ராத்திரி 8.10, லைட் மங்கி மங்கி எரிஞ்சுது.' 'மதியம் 12, மழை, கரண்ட் கண் அடிச்சுது.' 'ராத்திரி 9, ஒண்ணும் இல்ல, பெரிய ஃபோட்டோவ கோரல்ல போட்டேன்.' பதினொன்றில் எட்டு, விளக்கு மங்கிய நேரம் அல்லது மோட்டார் போட்ட நேரம். எந்த டெஸ்டிங் சாஃப்ட்வேரும் எனக்கு இவ்வளவு சொல்லியிருக்காது.

ஃபார்மட்: எப்போது சரி, எப்போது வீண்

முதல் வகை ரீஸ்டார்ட்டுக்கு, அதுவும் புது டிரைவரோ அப்டேட்டோ போட்ட நாளிலிருந்து துவங்கியிருந்தால், மென்பொருள் பக்கம் பார்ப்பது நியாயம். அப்போதும் ஃபார்மட் கடைசிப் படி. சேஃப் மோடில், அதாவது அடிப்படை டிரைவர்களை மட்டும் வைத்து விண்டோஸ் துவங்கும் முறையில், நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் கிராஃபிக்ஸ், ஆன்டிவைரஸ் போன்ற ஏதோ ஒரு டிரைவரைச் சந்தேகிக்கலாம். அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பலாம், சிஸ்டம் ரீஸ்டோர் செய்யலாம். ஒரே ஒரு தவறான கோப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அங்கே பிராசஸரும் ராமும் நன்றாகவே இருந்தன. அந்த ஒரு கோப்பை சேஃப் மோடில் நீக்கியதும் மெஷின்கள் எழுந்தன, ஃபார்மட் தேவைப்படவில்லை.

நீலத்திரையின் குறியீடும் துப்பு கொடுக்கும். ஒவ்வொரு தடவையும் அதே குறியீடு, அதே கோப்பின் பெயர் என்றால் டிரைவர். தடவைக்குத் தடவை வேறு வேறு குறியீடு என்றால் ராம் பக்கம் பாருங்கள்.

இரண்டாவது வகைக்கு ஃபார்மட் போடுவது காசையும் நாளையும் ஃபைலையும் ஒன்றாகத் தொலைப்பது. மின்சாரம் அறுவதை விண்டோஸ் எப்படிச் சரிசெய்யும்? அக்காவின் மெஷின் இந்த வகை. 600 ரூபாய் யோசனைதான் மற்ற எல்லாவற்றையும்விடச் செலவு குறைவானது; அவளுக்கு அதுதான் மிக மோசமான யோசனை.

எந்த வகை என்று சந்தேகமாகவே இருந்தால், காசில்லாத சோதனை ஒன்று உண்டு. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளமான உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து, நிறுவாமல் அரை நாள் ஓட்டுங்கள். வீடியோ ஓடட்டும், பிரவுசரில் இருபது பக்கம் திறந்திருக்கட்டும். அதிலும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மேல் பழி இல்லை, ஹார்டுவேர்தான். ஆய்வகத்தில் நான் வாதத்தை முடிக்கப் பயன்படுத்துவது இதைத்தான்.

பார்ட் மாற்றுவது: எதை முதலில்?

ராமில் துவங்குவது நம் ஊர் வழக்கம். பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, பொன்னிறக் கால்களை அழிரப்பரால் மெல்லத் துடைத்து, தூசியை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, மறுபடி 'டிக்' என்று பூட்டும்வரை அழுத்துவது. வேடிக்கையாகத் தோன்றினாலும் பல சமயம் வேலை செய்கிறது. நம் காற்றின் ஈரத்தில் அந்தக் கால்களில் படியும் மாசு தொடர்பைக் கெடுக்கிறது. துடைத்த பிறகும் நீலத்திரை வந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ராம் வேண்டாம். மேல்மாடிப் பையனின் வார்த்தைக்காக அக்கா மெஷினில் இதையும் செய்தேன். பிழை ஒன்றுகூட இல்லை.

சூடு அடுத்தது. இன்டெல் சிப்களில் பெரும்பாலானவை 100 டிகிரியை ஒட்டி வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டினால் மெஷின் அணைந்துவிடும். அதனால் சூட்டுக்கோளாறு முதலில் மந்தமாகத் தெரியும், ஃபேன் அலறும், பிறகுதான் அணையும். ஆறும்வரை மறுபடி ஒழுங்காக எழாது. கம்பெனி கூலரின் நாலு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று எழும்பியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அக்காவுடையதில் எட்டு வருடத் தூசி, பஞ்சு மெத்தைபோல இருந்தது. எடுத்துவிட்டுப் புது பேஸ்ட் வைத்ததும் முழு வேலையில் 88 டிகிரி காட்டியது 64-க்கு இறங்கியது. நல்ல காரியம்தான், ஆனால் ரீஸ்டார்ட் நிற்கவில்லை. 88 அணைகிற சூடும் இல்லை.

டிஸ்க்கை, அதன் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மஞ்சள் காட்டினால் வேறு எதுவும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இனி மின்சாரம். இங்கேதான் வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்கள் பார்க்காமல் விடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அக்காவிடம் 600 விஏ ஆஃப்லைன் யுபிஎஸ் ஒன்று இருந்தது. வாங்கி ஐந்து வருடம். பேட்டரி மாற்றியதே இல்லை. இவ்வகை யுபிஎஸ்ஸின் உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் லெட்-ஆசிட் பேட்டரி. நம் வெயிலில் இரண்டு மூன்று வருடம்தான் அதற்கு ஆயுள். பச்சை விளக்கு எரிகிறது என்பதால் பேட்டரி இருக்கிறது என்று பொருளில்லை. சோதிப்பது எளிது: கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு ஒரு 60 வாட் குண்டு பல்பை யுபிஎஸ்ஸில் மாட்டி, சுவரில் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம். பல்பு சிவந்து, மங்கி, நான்கு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது. "இத நம்பியா அஞ்சு வருஷம் உக்காந்திருந்தேன்" என்றாள் அக்கா.

செத்த பேட்டரி உள்ள யுபிஎஸ், யுபிஎஸ் இல்லாததைவிட மோசம். மோட்டார் போட்டதும் வோல்டேஜ் இறங்குகிறது, யுபிஎஸ் 'கரண்ட் சரியில்லை' என்று பேட்டரிக்குத் தாவுகிறது, பேட்டரியில் ஒன்றுமில்லை, மெஷின் அறுந்துபோகிறது. சுவரிலேயே நேரடியாக மாட்டியிருந்தால் எஸ்எம்பிஎஸ் அந்தச் சின்ன இறக்கத்தைத் தாங்கியிருக்கக்கூடும்.

அதைப் பார்க்க யுபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டினோம். மோட்டாரை மூன்று தடவை போட்டோம். மூன்றிலும் மெஷின் அணையாமல் ஓடியது. ஆனால் சாயந்திரம் ஒரு கண் அடிப்பில் போய்விட்டது. கோரலில் பெரிய படம் ஒன்றை பிடிஎஃப் ஆக்கும்போது மறுபடி ஒருமுறை. அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தே கெட்டிருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பெரிய கெபாசிட்டர் ஒன்று இருக்கும். மின்சாரம் கண் சிமிட்டும் நேரம் தடைபட்டால், அதில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தில் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது தரவிதி. ஆஃப்லைன் யுபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்வது பொதுவாக 10 மில்லிநொடிக்குள். ஒன்று மற்றொன்றுக்குள் அடங்குவதால்தான் இந்த ஏற்பாடே வேலை செய்கிறது. கெபாசிட்டர் காய்ந்துபோனால் அந்த 16 குறைந்துகொண்டே வரும். ஒருநாள் யுபிஎஸ்ஸின் மாற்று நேரத்தைவிடக் கீழே போய்விடும். அன்றைக்குப் புது பேட்டரி போட்டாலும் ரீஸ்டார்ட் நிற்காது. கடைக்காரர்கள் ஒன்றை மாற்றி, "இது இல்லை" என்று அடுத்ததற்குப் போவதற்கு இந்த இரட்டைக் கோளாறுதான் காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் கொட்டை எழுத்தில் '500' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் லைனுக்கு 14 ஆம்ப். பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். எனவே எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது மேலே உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். கையில் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். மட்டமானது வெற்று டப்பாபோல இருக்கும். மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்கிறதா என்று வேலை நடக்கும்போது அளக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஃபேன் கம்பிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்: அக்காவுடையதில் தலை உப்பி, பழுப்பாகக் கசிந்த சின்னக் கெபாசிட்டர்கள் இரண்டு தெரிந்தன.

திருச்சியிலிருந்து எடுத்துப்போயிருந்த நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிவிட்டு வந்தேன். நல்லது என்று தெரிந்த ஒன்றை மாட்டிப் பார்ப்பதைவிடத் தெளிவான சோதனை வேறில்லை. உறவிலோ நட்பிலோ ஒருவரிடம் ஒரு நாள் கடன் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடையில் கொடுப்பதா, வீட்டுக்கு ஆளை அழைப்பதா?

எல்லோருக்கும் அக்காவுக்கு வாய்த்ததுபோலத் தம்பி வாய்க்காது. ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தயக்கமென்றால் கடைதான் வழி. அப்படிக் கொடுப்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். மின்சாரக் கோளாறைப் பார்க்க உங்கள் கல்யாண ஆல்பம் தேவையில்லை. "ரீஸ்டார்ட் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், "திரை காட்டாம பட்டுனு போகுது, ஈவண்ட் வியூவர்ல 41, பக்செக் பூஜ்யம்" என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் பேசும் விதமே மாறும். மாற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கேளுங்கள், பில் வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து பார்ப்பவருக்கு முந்நூறு, நானூறு கூடவே கொடுக்க வேண்டியிருக்கும். பட்டென்று போகும் வகைக்கு அது தகும் என்பது என் கருத்து. கடையின் மேசையில் நல்ல கரண்ட், நல்ல யுபிஎஸ். அங்கே உங்கள் மெஷின் மூன்று நாள் ஒழுங்காக ஓடும், "ஒண்ணுமில்லை" என்று திருப்பித் தருவார்கள், வீட்டில் மாட்டிய பத்தாவது நிமிடம் போகும். உங்கள் வீட்டுச் சுவரையும் மோட்டாரையும் கடைக்குத் தூக்கிப்போக முடியாதே.

போர்டு மாற்றுவது

எட்டு வருட மெஷினுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். ஐ3-7100 போன்ற 7-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸருக்குப் புது போர்டு கிடைப்பது அரிது. கிடைப்பது பெரும்பாலும் ரிப்பேர் செய்தது. அதைவிடப் பெரிய குழி ஒன்று இருக்கிறது. பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் 1151 என்று ஒன்றாகவே இருந்தாலும், 6, 7-ஆம் தலைமுறைப் பிராசஸர் 8-ஆம் தலைமுறைக்கான 300 வரிசை போர்டில் ஓடாது, மறுபக்கமும் அப்படியே. "போர்டை மட்டும் புதுசாப் போட்டுக்கலாம்" என்று துவங்கி பிராசஸரும் வாங்க வேண்டிவரும்.

புது மெஷினில், வாரன்டிக்குள் இந்தக் கோளாறு வந்தால் கதை வேறு. குறிப்பாக இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு அதிக வோல்டேஜால் நிலைகுலையும் கோளாறு இருந்ததை இன்டெல் 2024-ல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு (பிராசஸரின் உள்கட்டளைகள்) திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது. போர்டில் பதிந்திருக்கும் துவக்க மென்பொருளான பயாஸை அப்டேட் செய்யுங்கள். அதற்குள் சிப் கெட்டிருந்தால் வாரன்டியில் மாற்றக் கேளுங்கள். பையிலிருந்து காசு போடாதீர்கள்.

ஆபீஸில் கழித்தது, புதுசு, லேப்டாப்

அக்காவின் கணக்கில் இன்னொரு தேதியும் சேர்ந்துகொண்டது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றது. ஐ3-7100, விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. இன்டெல்லில் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் துவங்குகிறது. ஆக, பழுது பார்த்தாலும் அந்த மெஷினுக்கு நீண்ட ஆயுள் இல்லை. விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்டை வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் காசும் இல்லை. அதில் சேர்த்துவிட்டேன். வெறும் பிரவுசரும் கடிதமும் என்றால் உபுண்டுவுக்கே மாறச் சொல்லியிருப்பேன். கோரல்டிரா அதில் நேரடியாக ஓடாது.

ஆபீஸில் கழித்த ஆப்டிபிளக்ஸ், திங்க்சென்டர், எலீட்டெஸ்க் வகை மெஷின்கள் எனக்குப் பிடித்தவை. அவற்றின் போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் பதினைந்தாயிரத்தில் நீங்கள் புதிதாக அசெம்பிள் செய்யக்கூடிய எதையும்விடத் தரமானவை. ஆனால் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் கும்பகோணத்தில் வாங்கினாலும் மூன்று விஷயம் பாருங்கள். 8-ஆம் தலைமுறையா, அதற்கு மேலா. டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது. எழுத்தில் வாரன்டி உண்டா. ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்கள்தான் இப்போது மலிவாகக் குவிந்து கிடக்கின்றன, காரணம் மேலே சொன்ன தேதி. இன்னொரு குறையையும் மறைக்கக் கூடாது: இவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் வடிவமும் இணைப்பு பின்னும் தனி. நாளை அது கெட்டால் தெருமுனைக் கடையில் மாற்றுக் கிடைக்காது.

புது அசெம்பிள் மெஷினுக்கு இது நல்ல நேரமில்லை. 2025 இறுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உங்களிடம் நன்றாக ஓடும் டிடிஆர்4 ராம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் சொன்ன லேப்டாப்பை நான் தள்ளிவிடவில்லை. அதில் பேட்டரி உள்ளேயே இருக்கிறது. கரண்ட் எத்தனை தடவை கண் அடித்தாலும் அதற்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிக் கரையில் வேலை செய்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. பழைய மானிட்டரை அதிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அக்காவின் வேலையில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு: யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கு மேல், அவற்றுக்கான கீபோர்டு மென்பொருள், கோரல் லைசென்ஸ், அச்சகத்தின் பிரின்டர் அமைப்பு. புது மெஷினில் இதை எல்லாம் நிறுவி, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து எழுத்து உடையாமல் வருகிறதா என்று பார்த்து முடிக்க மூன்று நாளாவது ஆகும். ஆறு பத்திரிகை கையில் இருக்கும் வாரத்தில் எந்தப் புது மெஷினும் அவளுக்கு உதவியிருக்காது.

அக்கா எடுத்த முடிவு

இரண்டு படியாகப் பிரித்தோம். இப்போதைக்கு 450 வாட் தரமான எஸ்எம்பிஎஸ் ஒன்று, 2,900 ரூபாய். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி 1,100. தெர்மல் பேஸ்ட்டும் பிரஷ்ஷும் வீட்டில் இருந்தவை. நான்காயிரத்தில் மெஷின் முகூர்த்த வேலையை முடித்துக்கொடுக்க வேண்டும். வரும் ஆடியில் பத்திரிகை வேலை குறையும். அந்த மாதம் லேப்டாப்பா, ஆபீஸில் கழித்ததா என்று நிதானமாகப் பார்த்து, எழுத்துருக்களை ஒவ்வொன்றாக மாற்றி, அக்டோபருக்குள் குடிமாறிவிடுவது. புது பேட்டரி போட்ட யுபிஎஸ் அடுத்த டெஸ்க்டாப்புக்கும் அப்படியே ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸை என் ஆய்வகத்துக்கு எடுத்துக்கொண்டு அதன் விலையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

போர்டு கெட்டிருந்தால் என் யோசனை வேறாக இருந்திருக்கும்: அன்றைக்கே லேப்டாப் வாங்கச் சொல்லி, மூன்று நாள் லீவு போட்டு நானே உட்கார்ந்து எழுத்துரு ஏற்றியிருப்பேன்.

ஆறு பத்திரிகையும் நேரத்துக்குப் போயின. மார்கழி பிறந்த பிறகு ஒருநாள் ஈவண்ட் வியூவரைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பார்ட் மாற்றிய நாளிலிருந்து 41 ஒன்றே ஒன்று இருந்தது. அக்கா அந்தத் தேதியின் காலண்டர் தாளைத் தேடி எடுத்தாள். பின்பக்கம் பென்சிலில் இருந்தது: 'மத்தியானம் கரண்ட் கட், முக்கால் மணி நேரம். நான் கோயிலுக்குப் போயிருந்தேன், அணைக்க மறந்துட்டேன்.'